நம்ம பணம் எந்த நிலையில நிக்குது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)

 

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டைப் பாத்துக்கிறேன், எங்க சங்கத்துல கணக்கு எழுதுறேன். வருமான வரியில பிடிச்ச பணம் எப்படித் திரும்ப வரும், ஏன் தாமதமாகும்னு பேசச் சொன்னாங்க. இதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சாங்க. "வரி கட்டுற அளவுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"ன்னாங்க. அந்தக் கேள்வியிலேயே விஷயம் இருக்கு. வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவங்ககிட்டயும் வரி பிடிக்கப்படுது. அது நம்ம பணம். அதைத் திரும்பக் கேட்டு வாங்குறதுக்குப் பேர்தான் ரீஃபண்டு.

எங்கே பிடிப்பாங்க? பேங்க், கூட்டுறவு பேங்க், போஸ்ட் ஆபீஸ்ல டெபாசிட் போட்டா, வருஷ வட்டி ஒரு அளவைத் தாண்டினதும் நூத்துக்குப் பத்து ரூபாய் வரியாப் பிடிப்பாங்க. இதைத்தான் டிடிஎஸ்னு சொல்றாங்க. 2025 மார்ச் வரைக்கும் அந்த அளவு 40,000 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் 50,000 ஆக்கிட்டாங்க. 60 வயசு ஆனவங்களுக்கு 1,00,000. பான் கார்டு கொடுக்கலேன்னா நூத்துக்கு இருபது. சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிக்கு இப்படிப் பிடிக்கிறது இல்லை. அதனால சேமிப்புக் கணக்கு மட்டும் வச்சிருக்கிறவங்க கவலைப்பட வேண்டாம்.

நம்ம வீட்டு ஆம்பளைங்க மேஸ்திரியாக் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வேலை செஞ்சா, பில் பணத்துல நூத்துக்கு ஒரு ரூபாய் பிடிச்சுட்டுக் கொடுப்பாங்க. வருஷத்துக்கு மூணு லட்ச ரூபாய் பில் போட்டா மூவாயிரம் ரூபாய் அங்கே நிக்குது. பல பேர் அதைக் கமிஷன்னு நினைச்சு விட்டுடறாங்க.

பிடிக்கிற இடத்துல நம்ம மொத்த வருமானம் எவ்வளவுன்னு விசாரிக்க மாட்டாங்க. அளவு தாண்டினா பிடிச்சுடுவாங்க. வரி உண்டா இல்லையாங்கிறது வருஷ முடிவுல நாம ரிட்டர்ன் போடும்போதுதான் தெரியும். 2024-25 வருஷத்துக்குப் புதிய முறையில 3 லட்ச ரூபாய் வரைக்கும் வரியே கிடையாது. 2025-26 வருஷத்துக்கு அது 4 லட்சம்.

எங்க அம்மா விஷயத்தைச் சொல்றேன். அவங்களுக்கு 57 வயசு. எங்க சங்கத்துல அவங்களும் உறுப்பினர். அப்பா காலமான பிறகு வந்த 9 லட்ச ரூபாயை ஒரு பேங்குல டெபாசிட் போட்டாங்க. வட்டி நூத்துக்கு ஏழு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 15,750 ரூபாய் வரணும். ஆனா 14,175தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் 1,575 குறைஞ்சது. வருஷத்துக்கு 6,300 ரூபாய். அம்மாவுக்கு அந்த வட்டியைத் தவிர நூறு நாள் வேலைக் கூலிதான். ரெண்டையும் கூட்டினாலும் மூணு லட்சத்துக்குப் பக்கத்துல கூட வராது. அப்படின்னா 6,300 ரூபாயும் முழுசாத் திரும்ப வரவேண்டிய பணம்.

2025 ஜூலை 10ஆம் தேதி, டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 500 ரூபாய் கொடுத்து ரிட்டர்ன் போட்டோம். "ஒரு மாசத்துல வந்துடும்மா"ன்னு அந்தத் தம்பி சொன்னார். அதை நம்பி அம்மா சங்கத்துல 6,000 ரூபாய் உள்கடன் வாங்கி, மழைக்கு முன்னாடி வீட்டு ஓடு மாத்திட்டாங்க. ரீஃபண்டு வந்ததும் மொத்தமாக் கட்டிடலாம்னு கணக்கு. வரலை. வாராவாரம் "வந்துச்சா பாப்பா?"ன்னு கேப்பாங்க. சென்டர்ல கேட்டா "பிராசஸ்ல இருக்கு"ன்னு ஒரே பதில். தவணைத் தேதி மட்டும் நிக்காம வந்துக்கிட்டே இருந்தது. சங்கத்துல நம்ம பேர் கெட்டுடக் கூடாதேன்னு அம்மா கூலிக் காசுல தவணை கட்டினாங்க.

"பிராசஸ்ல இருக்கு"ன்னா என்ன அர்த்தம்? நாம வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்தா, ஃபைல் ஊராட்சிக் கூட்டமைப்புல நிக்குதா, வட்டாரத்துல நிக்குதா, பேங்க் மேனேஜர் மேஜையில நிக்குதான்னு கேக்கிறோம் இல்லையா? எங்கே நிக்குதுன்னு தெரிஞ்சா யாரைப் பாக்கணும்னு தெரியும். ரீஃபண்டும் அப்படித்தான். அது தாண்டி வரவேண்டிய படிகள் இருக்கு. எந்தப் படியில நிக்குதுன்னு நாமே பாக்கலாம்.

முதல் படி, ரிட்டர்ன் அனுப்புறது. அனுப்பினதும் 15 இலக்கத்துல ஒரு ஒப்புகை எண் வரும். அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர்னு சொல்வாங்க. அந்தத் தாளைப் பிரின்ட் எடுத்து வாங்கிக்கோங்க.

ரெண்டாவது படி, சரிபார்த்து உறுதி செய்யுறது. இதுக்கு இ-வெரிஃபிகேஷன்னு பேர். ரிட்டர்ன் அனுப்பின நாளிலிருந்து 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி மாதிரி ஒரு வழியில "இதை அனுப்பினது நான்தான்"னு உறுதி செய்யணும். இல்லாட்டி ஒப்புகைத் தாள்ல கையெழுத்துப் போட்டு, பெங்களூருல இருக்கிற மத்தியச் செயலாக்க மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பலாம். இது ரெண்டும் இல்லாட்டி ரிட்டர்ன் போட்டும் போடாத மாதிரிதான். தீர்மானம் எழுதிட்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போடாம விட்டா அந்தத் தீர்மானம் செல்லுமா? அதே கதைதான்.

மூணாவது படி, பெங்களூரு மையத்துல கணக்குப் பாக்கிறது. நாம எழுதின வருமானமும், பேங்க் பிடிச்சுக் கட்டினதாச் சொன்ன வரியும் ஒத்துப்போகுதான்னு பாப்பாங்க. பாத்து முடிச்சதும் 143(1) இன்டிமேஷன்னு ஒரு அறிவிப்பு ஈமெயில்ல வரும். அந்த ஃபைலைத் திறக்கப் பான் எண்ணைச் சின்ன எழுத்துல போட்டு, அதோட பிறந்த தேதியை எட்டு இலக்கமாச் சேர்த்துப் போடணும். அதுல ரெண்டு பத்தி இருக்கும். ஒண்ணு நாம சொன்ன கணக்கு. இன்னொண்ணு அவங்க போட்ட கணக்கு. நாம ரொக்கப் புத்தகத்தையும் பாஸ் புக்கையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுற மாதிரி, வரி வரியா ஒப்பிட்டா வித்தியாசம் எங்கேன்னு தெரியும்.

நாலாவது படி, பணம் பேங்க் கணக்குக்கு வர்றது. ஸ்டேட் பேங்க் மூலமாத்தான் ரீஃபண்டு எல்லாம் போகுது. நாம எந்த பேங்குல கணக்கு வச்சிருந்தாலும், அந்தக் கணக்கை இணையதளத்துல முன்கூட்டியே சரிபார்த்து வச்சிருக்கணும். பிரீ-வேலிடேட்னு சொல்வாங்க.

இதையெல்லாம் பாக்கிற இடம் வருமான வரித்துறையோட இணையதளம். இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன். முதல் பக்கத்துலயே ஐடிஆர் ஸ்டேட்டஸ்னு இருக்கும். ஒப்புகை எண்ணும் செல் நம்பரும் போட்டா ஓடிபி வரும். அதைப் போட்டா நிலை தெரியும். உள்ளே லாகின் பண்ணினா, இ-ஃபைல், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்னு வரிசையாப் போகணும். யூசர் ஐடிங்கிறது பான் எண்தான். ஸ்மார்ட்போன்லயே பாத்துடலாம்.

நான் ஆகஸ்ட் 1ஆம் தேதி என் பொண்ணை வச்சுப் பாத்தேன். "பெண்டிங் ஃபார் இ-வெரிஃபிகேஷன்"னு இருந்தது. சென்டர்ல ரிட்டர்னை அனுப்பியிருக்காங்க, உறுதி செய்யலை. ரெண்டாவது படியிலேயே நின்னிருக்கு. 22 நாள் ஆயிருந்தது. நல்லவேளை, இன்னும் எட்டு நாள் மிச்சம். அம்மாவோட பட்டன் போனுக்கு ஆதார் ஓடிபி வந்தது. அம்மா ஒவ்வொரு எண்ணாப் படிக்க, என் பொண்ணு போட்டா. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது.

இன்னொரு விஷயமும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அம்மா கணக்குல சென்டரோட ஈமெயிலைத்தான் கொடுத்திருந்தாங்க. பாஸ்வேர்டும் அவங்ககிட்டதான். அரசாங்கத்துல இருந்து எந்தக் கடிதம் வந்தாலும் சென்டருக்குத்தான் போகும், நமக்கு வராது. சங்கத்துப் பாஸ் புக்கை வேற யார் வீட்டுலயாவது வைப்போமா? உடனே எங்க ஈமெயிலை மாத்தி, புதுப் பாஸ்வேர்டு போட்டோம். காசு கொடுத்து வேலை வாங்குறது தப்பில்லை. ஆனா ஈமெயில், செல் நம்பர், பாஸ்வேர்டு மூணும் நம்மகிட்ட இருக்கணும்.

செப்டம்பர் 12ஆம் தேதி "பிராசஸ்டு வித் ரீஃபண்டு டியூ"ன்னு வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மாசக் கடைசியில பாத்தா "ரீஃபண்டு ஃபெயில்டு". பான் கார்டுல அம்மா பேரோட இனிஷியல் விரிவா இருக்கு, பேங்க் கணக்குல ஒரு எழுத்துதான் இருக்கு. பேர் ஒத்துப்போகலை. நாலாவது படியில நின்னது. இந்தத் தடவை யாரைப் பாக்கணும்னு எங்களுக்குத் தெரியும். நேரா பேங்குக்குப் போனோம். பான், ஆதார் நகல் கொடுத்து எழுதிக் கொடுத்தோம். பேரைத் திருத்தின பிறகு இணையதளத்துல கணக்கை மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டு ரீ-இஷ்யூன்னு விண்ணப்பம் போட்டோம். நவம்பர் முதல் வாரம் பணம் வந்தது.

எவ்வளவு வந்தது தெரியுமா? 6,490 ரூபாய். தாமதத்துக்கு வட்டி உண்டு. ரிட்டர்னைக் கடைசித் தேதிக்குள்ள போட்டிருந்தா, ஏப்ரல் 1ஆம் தேதியில இருந்து மாசத்துக்கு நூத்துக்கு அரை ரூபாய். அம்மாவுக்குச் செப்டம்பர் வரை ஆறு மாசத்துக்கு 189 ரூபாய். மொத்தத்தைப் பத்தின் மடங்கா ஆக்கி 6,490. நாம சங்கத்துல கடனுக்கு மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் கட்டுறோம், இது அரை ரூபாய்தான். இருந்தாலும் நம்ம உரிமை. கடைசித் தேதிக்கு அப்புறம் ரிட்டர்ன் போட்டா, போட்ட நாளிலிருந்துதான் வட்டி கணக்காகும். அந்தப் பணத்துல அம்மா கடன் பாக்கியை மாசக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எண்ணிக் கொடுத்தாங்க.

இப்ப, எதனாலெல்லாம் தாமதமாகும்னு தொகுத்துச் சொல்றேன். நோட்டுல எழுதிக்கோங்க.

ஒண்ணு, 30 நாளுக்குள்ள உறுதி செய்யாதது.

ரெண்டு, பேங்க் பேரும் பான் பேரும் ஒத்துப்போகாதது, மூடின கணக்கு எண்ணைக் கொடுத்தது.

மூணு, பானும் ஆதாரும் இணைக்காதது. இணைக்காட்டிப் பான் செயலிழந்துடும். ரீஃபண்டு வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது.

நாலு, பிடிச்ச வரி கணக்குல ஏறாதது. படிவம் 26ஏஎஸ்னு ஒண்ணு இருக்கு. நம்ம பான் எண்ல யார் யார் எவ்வளவு வரி கட்டியிருக்காங்கன்னு அதுல இருக்கும். நம்ம பாஸ் புக் மாதிரி. அதுல பணம் ஏறலேன்னா வரித்துறையைக் கேட்டுப் பயனில்லை, வரி பிடிச்ச பேங்கையோ கம்பெனியையோதான் கேக்கணும். ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடணும்.

அஞ்சு, ரிட்டர்ன்ல குறை இருக்குன்னு நோட்டீஸ் வந்து அதுக்குப் பதில் சொல்லாதது. அதுக்கு 15 நாள் தருவாங்க. பழைய வரிப் பாக்கி இருந்தா, ரீஃபண்டுல கழிக்கப் போறோம்னு முன்கூட்டியே கடிதம் வரும். அதுக்குப் பதில் சொல்ல 21 நாள். பாக்கி இல்லேன்னா இல்லேன்னு எழுதணும். ஈமெயில் நம்மகிட்ட இருக்கணும்னு நான் சொன்னது இதுக்காகத்தான்.

இது எதுவுமே இல்லாம தாமதமாகுறதும் உண்டு. உறுதி செஞ்சதுல இருந்து சாதாரணமா நாலு, அஞ்சு வாரத்துல பணம் வரும்னு இணையதளத்துலயே போட்டிருக்கு. ஆனா சட்டப்படி அவங்களுக்கு அதிக அவகாசம் இருக்கு. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிஞ்சதுல இருந்து ஒன்பது மாசம். 2025 ஜூலையில போட்ட ரிட்டர்னுக்கு 2026 டிசம்பர் 31 வரை. அதனால அஞ்சு வாரம் தாண்டிடுச்சேன்னு பதறவும் வேண்டாம், பாக்காம இருக்கவும் வேண்டாம். சங்கக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு மாசம் ஒரு தடவை பாத்து, தேதி போட்டு எழுதி வச்சுக்கோங்க. ரொம்ப நாளா ஒரே நிலையில நின்னா 1800 103 0025 எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. இணையதளத்துல கிரீவன்ஸ்ங்கிற இடத்துல புகாரும் போடலாம். புகார் எண்ணை மறக்காம எழுதி வைங்க.

போன வருஷங்கள்ல விட்டுப்போனவங்க இருப்பீங்க. கடைசித் தேதி போனாலும் டிசம்பர் 31 வரை ரிட்டர்ன் போடலாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தா அபராதமும் இல்லை. அதையும் தாண்டினா, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி இருக்கு. ஆடிட்டர்கிட்ட கேட்டுச் செய்யுங்க.

எல்லாத்துக்கும் மேலே, பிடிக்கவே விடாம இருக்கிறது நல்லது. வரி வராத அளவு வருமானம் உள்ளவங்க, "என் வட்டியில வரி பிடிக்க வேண்டாம்"னு வருஷா வருஷம் பேங்குல எழுதிக் கொடுக்கலாம். 60 வயசுக்குக் கீழே இருந்தா படிவம் 15ஜி, 60 ஆயிட்டா 15எச்னு இத்தனை நாளாச் சொல்றாங்க. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருது. படிவத்தோட எண் மாறினாலும் "வரி பிடிக்க வேண்டாம்னு கொடுக்கிற படிவம்"னு கேளுங்க, கொடுப்பாங்க. ஏப்ரல் முதல் வாரமே கொடுத்துடுங்க, ஒப்புகையும் வாங்கிக்கோங்க. ஆனா உண்மையிலேயே வரி வராதவங்க மட்டும்தான் கொடுக்கணும். பொய்யா எழுதிக் கொடுத்தா சட்டப்படி குற்றம்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. "உங்க ரீஃபண்டு தயார், இந்த லிங்கை அழுத்துங்க"ன்னு மெசேஜ் வரும். பணத்துக்காகக் காத்திருக்கிற நேரத்துல மனசு அதை நம்பும். அழுத்தாதீங்க. வருமான வரித்துறை ஏடிஎம் பின் நம்பரோ, கார்டு நம்பரோ, பேங்க் பாஸ்வேர்டோ கேட்காது. இணையதளத்துல நாமே போய்ப் பாத்த நிலைதான் உண்மை.

நம்ம கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சங்கத்துலயும் டெபாசிட் வட்டியிலயோ கான்ட்ராக்ட் பணத்துலயோ வரி பிடிச்சவங்க யார் யார்னு ஏப்ரல் மாசக் கூட்டத்துல ஒரு பட்டியல் எடுக்கலாம். போன் பாக்கத் தெரிஞ்ச நம்ம பொண்ணுங்களை வச்சு, ஜூன் மாசத்துக்கு மேல ஒரு நாள் கூட்டமைப்பு அலுவலகத்துல உக்காந்து 26ஏஎஸ் பாத்துக் கொடுக்கலாம். எங்க சங்கத்துல மூணு பேருக்கு இப்படிப் பாத்தோம். ஒருத்தருக்கு அவங்க வீட்டுக்காரரோட மேஸ்திரி வேலைப் பணத்துல 2,800 ரூபாய் நிக்குது. இந்த வருஷம் கேட்டு வாங்கப் போறாங்க.

ஆயிரம், ரெண்டாயிரம்னு விட்டுடாதீங்க. வாரம் 50 ரூபாய் சேமிக்கிறவங்களுக்கு 2,600 ரூபாய்ங்கிறது ஒரு வருஷச் சேமிப்பு. "பிராசஸ்ல இருக்கு"ன்னு யாராவது சொன்னா, "எந்தப் படியில இருக்கு?"ன்னு கேளுங்க. பதில் வரலேன்னா நீங்களே பாருங்க. சந்தேகம் இருக்கிறவங்க சாப்பாட்டு நேரத்துல என்னை வந்து பாருங்க, ஒப்புகைத் தாளை மட்டும் எடுத்துட்டு வாங்க.